படத்தில் எல்லா உடுப்பும் அளவாகத்தான் இருக்கிறது



இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டிலிருந்து உடுப்பு விற்கிற சகோதரிகளும், போனில் படம் பார்த்து உடுப்பு வாங்குகிற சகோதரிகளும் நேரம் கிடைக்கும்போது முழுவதையும் வாசியுங்கள்.

என் தங்கச்சி அபாயா விற்கிறாள். கடை இல்லை. ஒரு அறை, ஒரு அலுமாரி, ஒரு போன். 2022இல் சாமான் விலை ஏறின நேரம் மாப்பிள்ளையின் சம்பளம் போதாமல் தொடங்கியது. வட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் படம் போடுவாள், ஓடர் வரும், கூரியரில் அனுப்புவாள், பார்சல் கைக்குக் கிடைத்த பிறகு ஆட்கள் காசு கொடுப்பார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைகளின் படிப்புச் செலவு அதில்தான் ஓடுகிறது.

போன நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு அவளுடைய கணக்குக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் கணிதம் படிப்பிக்கிற டீச்சர் என்பதால் வீட்டில் கணக்கு வழக்கெல்லாம் என் தலையில்தான் விழும்.

"ராத்தா, இரவு பகலா முழிச்சி யாவாரம் செஞ்சன். காசைக் காணல்ல. எங்க போன எண்டு பாருங்க."

பார்த்தேன். 43 பார்சல் அனுப்பியிருக்கிறாள். 11 திரும்பி வந்திருக்கிறது. ஒரு அபாயாவில் அவளுக்கு மிஞ்சுவது 700 ரூபா. ஒரு பார்சல் திரும்பினால் போகவும் வரவும் கூரியருக்கு 800 ரூபா அவள் கையிலிருந்து போகும். 32 அபாயா விற்ற இலாபம் 22,400. திரும்பின பதினொன்றின் கூரியர் செலவு 8,800. மிச்சம் 13,600. நோன்பு மாதம் முழுக்க நித்திரை முழித்ததற்குக் கிடைத்த கூலி அவ்வளவுதான்.

ஒவ்வொன்றும் ஏன் திரும்பியது என்றும் எழுதி வைத்திருந்தாள். ஐந்து பேர் "படத்தில பார்த்த மாதிரி எனக்கு இல்ல" என்றிருக்கிறார்கள். நாலு பேருக்கு அளவு சரியில்லை. இரண்டு பேர் போனே எடுக்கவில்லை.

அந்த ஐந்து பேரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் அப்படி ஒருத்திதான். ஒருமுறை ஒன்லைனில் சல்வார் ஒன்று எடுத்தேன். படத்தில் உயரமான, மெலிந்த ஒரு பிள்ளை போட்டிருந்தாள். என் உயரம் ஐந்தடிக்கு ஒரு அங்குலம் கூட. உடம்பும் இரண்டு பிள்ளை பெற்ற உடம்பு. வந்ததைப் போட்டுக் கண்ணாடியைப் பார்த்துவிட்டுக் கழற்றி அலுமாரியின் அடியில் வைத்தேன். இன்னும் அங்கேதான் கிடக்கிறது. கடையில் போய் எடுத்தாலும் எங்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. உடுத்திப் பார்க்க அறை இல்லாத புடவைக்கடைகள் எத்தனை! இருந்தாலும் ஒரு திரைச்சீலைக்குப் பின்னால், அந்தப் பக்கம் ஆம்பிளைகள் நிற்க, யார் போவது? உடுப்பைத் தோளில் வைத்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சரிவரும்" என்று நாமே சொல்லிக்கொண்டு வருவதுதான் வழக்கம்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. 2023 ஜூன் மாதம் கூகிள் நிறுவனம் அமெரிக்காவில் பெண்களின் மேல்சட்டைகளுக்கு இந்த "மெய்நிகர் உடுத்திப் பார்த்தல்" வசதியைக் கொண்டுவந்தது. அப்போது அவர்கள் சொன்ன காரணம் இதுதான்: ஒன்லைனில் உடுப்பு வாங்குபவர்களில் நூற்றுக்கு 59 பேர், வாங்கின உடுப்பு தங்கள் உடம்பில் எதிர்பார்த்த மாதிரி இல்லை என்று ஏமாந்திருக்கிறார்கள். நூற்றுக்கு 42 பேர், விளம்பரத்தில் நிற்கிற பெண் தங்களைப் போல இல்லை என்கிறார்கள். அதனால் மிகச் சிறிய அளவிலிருந்து மிகப் பெரிய அளவு வரை, பல நிறத்தில், பல உடல்வாகில் உள்ள உண்மையான பெண்களைப் படம் எடுத்து, அதே சட்டை ஒவ்வொருவரிலும் எப்படி இருக்கும் என்று காட்டினார்கள். 2025இல் அமெரிக்காவில் ஆட்கள் தங்கள் சொந்தப் படத்தையே போட்டுப் பார்க்கவும் வசதி செய்தார்கள்.

அது எப்படி வேலை செய்கிறது என்று தங்கச்சி கேட்டாள். எனக்கு விளங்கின அளவில் சொன்னேன். கணினிக்கு இரண்டு படம் கொடுக்கிறோம். ஒன்று ஆளின் படம், மற்றது உடுப்பின் படம். அது உடுப்பை வெட்டி ஆளின் மேல் ஒட்டுவதில்லை. துணி எங்கே மடியும், எங்கே தொங்கும், எங்கே நிழல் விழும் என்று ஏராளமான படங்களைப் பார்த்துப் பழகியிருக்கிறது. அந்தப் பழக்கத்தை வைத்து, அந்த ஆள் அந்த உடுப்போடு நிற்கிற மாதிரி ஒரு புதுப் படத்தை வரைகிறது.

கேட்டுவிட்டுப் போனவள், ஒரு கிழமைக்குள் இலவசச் செயலி ஒன்றைப் பிடித்துவிட்டாள். வேண்டியவர்கள் தங்கள் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினால், விரும்பின அபாயாவைப் போட்ட மாதிரி திருப்பி அனுப்புவாள். ஒரே அபாயாவை ஆறு நிறத்தில் காட்ட முன்பெல்லாம் ஆறு தடவை உடுத்திப் படம் எடுக்க வேண்டும். இப்போது ஐந்து நிமிடம் போதும். ஓடரும் கூடியது. எனக்கும் சந்தோஷம்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்தது. கொப்பியைக் கொண்டுவந்தாள். 40 பார்சல், 9 ரிட்டர்ன்.

"படத்தில பார்த்த மாதிரி இல்ல" என்று ஐந்து பேர் சொன்ன இடத்தில் இந்த முறை ஒருவர்தான். ஆனால் அளவு சரியில்லை என்று வந்தது நாலிலிருந்து ஏழாகக் கூடியிருந்தது! மற்ற ஒருவர் போன் எடுக்கவில்லை.

"எப்பிடி ராத்தா? எல்லாருக்கும் படத்தில அளவாத்தானே இரிந்திச்சி?"

அந்தக் கேள்வியிலேயே பதில் இருந்தது. படத்தில் எல்லாருக்கும் எல்லா உடுப்பும் அளவாகத்தான் இருக்கும். அவள் கொடுத்த இரண்டு படத்திலும் ஒரு அங்குலக் கணக்குக்கூட இல்லை. அந்தப் பெண்ணின் மார்புச் சுற்றளவும் கணினிக்குத் தெரியாது, அபாயாவின் அகலமும் தெரியாது. அது உடுப்பை ஆளுக்குப் பொருந்துகிற மாதிரி வரைகிறது, அவ்வளவுதான். 52ஐப் போட்டாலும் 60ஐப் போட்டாலும் வருவது ஒரே படம். அபாயாவில் நாங்கள் சொல்கிற 52, 54, 56 எல்லாம் தோளிலிருந்து கீழ் விளிம்பு வரையான நீளம். அகலத்தைப் பற்றி அந்த இலக்கம் ஒன்றும் சொல்லாது. மெலிந்த பிள்ளையும் 54, அவளுடைய உம்மாவும் 54. படத்தை நம்பி ஆட்கள் அளவு கேட்பதையே விட்டுவிட்டார்கள். தங்கச்சியும் கேட்பதை விட்டுவிட்டாள்.

"எனக்கு வடிவா இருக்குமா" என்பது ஒரு கேள்வி. "எனக்கு அளவா இருக்குமா" என்பது வேறு கேள்வி. இந்தத் தொழில்நுட்பம் முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. இரண்டாவதற்குப் பெரிய நிறுவனங்களே வேறு வழி வைத்திருக்கின்றன. ஜெர்மனியின் சலாண்டோ 2023இல் கொண்டுவந்த முறையில், உடம்போடு ஒட்டின உடுப்பில் முன்னாலும் பக்கவாட்டிலும் இரண்டு படம் எடுத்துக் கொடுத்தால் அது உடம்பின் அளவைக் கணித்துச் சொல்லும். அளவு ஆலோசனை கொடுக்கிற உடுப்புகளில், அளவு பிழைத்துத் திரும்புவது நூற்றுக்குப் பத்து அளவில் குறைந்திருப்பதாக அந்த நிறுவனம் சொல்கிறது. நல்ல விடயம்தான். ஆனால் இறுக்கமான உடுப்பில் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் எங்கள் வீடுகளில் எத்தனை பேர் அனுப்புவோம்?

படம் அனுப்புகிற விடயத்துக்கு வருகிறேன். எனக்கு மனதில் உறுத்தினது அதுதான்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் ஒரு இரவு தங்கச்சிக்கு ஒரு தாய் போன் எடுத்தார். உயர்தரம் படிக்கிற அவருடைய மகள், வீட்டில் சொல்லாமல் தன் படத்தை அனுப்பி அபாயா போட்டுப் பார்த்திருக்கிறாள். அந்தத் தாய் சத்தம் போடவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மகள், எண்ட புள்ளைர போட்டோவ எந்த மெஷினுக்குக் குடுத்தீங்க? அது இப்ப எங்க இரிக்கி?"

தங்கச்சியிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அன்றைக்குத்தான் அந்தச் செயலியின் நிபந்தனைகளை உட்கார்ந்து வாசித்தேன். கொடுக்கிற படங்களைத் தங்கள் சேவையை மேம்படுத்தப் பயன்படுத்தலாம் என்று எழுதியிருந்தது. இலவசம் என்று நினைத்தோம். எங்கள் பிள்ளைகளின் படம்தான் அதன் விலை. உடுப்பை மாற்றி வரையத் தெரிந்த கருவிகளை வைத்து, உடுப்பே இல்லாத மாதிரி வரைகிற அயோக்கியர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். எங்கள் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் படம் ஒருமுறை கையை விட்டுப் போன பிறகு சட்டத்தைத் தேடிப் போவதைவிட, கொடுக்காமல் இருப்பது இலேசு.

அந்தத் தாய் கேட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும். தங்கச்சி போனில் இருந்த எல்லாப் படத்தையும் அழித்தாள், செயலியில் இருந்த கணக்கையும் மூடினாள், படம் அனுப்பின ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பி நடந்ததைச் சொன்னாள். ஓடர் குறையும் என்று பயந்துகொண்டுதான் செய்தாள்.

இப்போது அவள் செய்கிற முறை இது.

ஒன்று, யாருடைய படமும் வாங்குவதில்லை. கணினியை வைத்தே, இந்த உலகத்தில் பிறக்காத நாலு பெண்களை உருவாக்கி வைத்திருக்கிறாள். குட்டையும் பருமனும், குட்டையும் மெலிவும், உயரமும் பருமனும், உயரமும் மெலிவும். எல்லா அபாயாவையும் இந்த நாலு பேருக்கும் போட்டுக் காட்டுகிறாள். வாங்குகிறவர் தன்னைப் போல இருக்கிறவளைப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு, ஒவ்வொரு படத்துக்கும் கீழே "இது கணினி வரைந்த படம்" என்று எழுதுகிறாள். கூடவே உண்மையான துணியை வெயிலில் பிடித்து எடுத்த சின்ன வீடியோ. துணி ஊடு தெரியுமா, எவ்வளவு பாரம், நிறம் என்ன என்பதெல்லாம் வரைந்த படத்தில் தெரியாது. நுணுக்கமான பூ வேலையையும் கரையையும் கணினி சில நேரம் தன் பாட்டில் மாற்றி வரைந்துவிடுகிறது. மருதமுனைக் கைத்தறிச் சாரி விற்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். கரை மாறினால் அது வேறு சாரி.

மூன்று, அளவு நாடா. ஆசிரியர் கலாசாலையில் எங்கள் கணித விரிவுரையாளர் அடிக்கடி சொல்வார், பிள்ளைகளுக்கு அளவைச் சொல்லிக் கொடுக்காதீர்கள், அளக்கக் கொடுங்கள் என்று. அதைத்தான் செய்தோம். வாங்குகிறவர் தன் உடம்பை அளக்கத் தேவையில்லை. வீட்டில் தனக்கு நல்ல அளவாக இருக்கிற ஒரு அபாயாவைக் கட்டிலில் விரித்து மூன்று அளவு எடுத்தால் போதும். தோளிலிருந்து கீழ் விளிம்பு வரை. ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கம் வரை. தோள் தையலிலிருந்து கை நுனி வரை. தங்கச்சியும் தன் அபாயாக்களை அதே மாதிரி விரித்து அளந்து இலக்கத்தைப் போடுகிறாள். இரண்டையும் ஒப்பிட்ட பிறகுதான் பார்சல் கட்டுவாள்.

இந்த முறை தொடங்கிய பிறகு 30 பார்சல் போயிருக்கிறது. திரும்பினது 3. 27 விற்ற இலாபம் 18,900, கூரியர் செலவு 2,400, மிச்சம் 16,500. நோன்புப் பெருநாளுக்கு 43 அனுப்பிக் கிடைத்ததைவிடக் கூட!

போன கிழமை இன்னொரு ஓடர் வந்தது. அந்தத் தாயிடமிருந்துதான். மகளுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. இரண்டுமே 54. மூன்று மூன்று அளவாக, ஒரு கொப்பித் தாளில் மகள் எழுத, அதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். தங்கச்சி அதை எனக்குக் காட்டினாள். கக்கத்துக்குக் கக்கம் மகளுடையது 19 அங்குலம், உம்மாவுடையது 24.

வீட்டிலிருந்து யாவாரம் செய்கிற சகோதரிகளே, இந்தத் தொழில்நுட்பத்தைப் பயந்து ஒதுக்க வேண்டாம். மொடல் வைத்துப் படம் பிடிக்க வசதி இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளையின் படத்தை அதற்குக் கொடுக்காதீர்கள். அளவு நாடாவையும் தூரப் போட்டுவிடாதீர்கள்.

தங்கச்சியின் பரக்கத்துக்கு ஒரு துஆ செய்யுங்கள்.