பதிவேட்டிலிருந்து ஒரு பெயர்



சற்று நீளமான பதிவு. தமிழ் வாத்தியார் கணினியைப் பற்றி எழுதுகிறாரே என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். கடைசி வரை படியுங்கள். உங்களில் பலர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

நம் பள்ளி ஆண்டு மலர்களை நான் மின்வடிவமாக்கி வருவது உங்களில் சிலருக்குத் தெரியும். பத்தொன்பது மலர்கள் கிடைத்தன. அவற்றில் மூன்றைப் பழைய தலைமை ஆசிரியர் ஒருவரின் வீட்டிலிருந்து இரவல் வாங்கி, ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். சிலவற்றைக் கரையான் பாதி படித்து முடித்திருந்தது. மொத்தம் 1,140 பக்கங்கள்.

படமாக இருக்கும் பக்கத்தை எழுத்தாக மாற்ற டெசராக்ட் என்றொரு மென்பொருள் இருக்கிறது. ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனத்தில் பிறந்து, 2005-இல் எல்லாருக்கும் பொதுவாகத் திறந்துவிடப்பட்டது. தமிழும் படிக்கும். அதை லினக்ஸில் நிறுவுவது சுலபம் என்று சொல்லி, பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த என் பழைய மாணவன் ஒருவன், என் விண்டோஸ் மடிக்கணினிக்குள்ளேயே உபுண்டு லினக்ஸை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. அரசு கொடுத்த இலவச மடிக்கணினி வாங்கிய பிள்ளைகளுக்கு நினைவிருக்கும்: அதில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. இயக்கும்போதே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது ஒரே மனையில் தனித்தனி வாசலோடு இரண்டு வீடு கட்டிய மாதிரி. ஒரு வீட்டை அவசரப்பட்டு இடித்தால் பொதுவான வாசலும் சேர்ந்து விழுந்து, கணினியே கிளம்பாமல் போகக்கூடும்.

என் கணினியில் இருந்தது வேறு. இது ஒரே வீட்டுக்குள் ஓர் அறையில் குடியிருக்கும் குடித்தனம். இந்த யோசனையும் புதிதல்ல. 2008-இலேயே வூபி என்ற கருவி உபுண்டுவை விண்டோஸுக்குள் ஒரு பெரிய கோப்பாக வைத்து, வேண்டாதபோது மற்ற மென்பொருள்களைப் போலவே நீக்கவும் வழி செய்தது. ஆனால் அதிலும் கணினியை மறுபடி இயக்கித்தான் உபுண்டுவுக்குள் போக முடியும். 2016-இல் மைக்ரோசாஃப்டே லினக்ஸுக்கு விண்டோஸுக்குள் இடம் கொடுத்தது. 2020-இல் வெளிவந்த அதன் இரண்டாம் பதிப்பில் உண்மையான லினக்ஸ் கருவே உள்ளே ஓடுகிறது. விண்டோஸை மூட வேண்டாம், கணினியை மறுபடி இயக்கவும் வேண்டாம். ஒரு கறுப்புச் சன்னலைத் திறந்தால் லினக்ஸ்.

அந்தக் குடித்தனத்தின் பாத்திரம் பண்டம் எல்லாம் ஒரே ஒரு கோப்புக்குள் இருக்கும். மெய்நிகர் வட்டு என்கிறார்கள். ஒரு பெரிய டிரங்குப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாமான் சேரச் சேரப் பெட்டி பெரிதாகும். உள்ளே இருப்பதை அள்ளி வெளியே போட்டாலும் பெட்டி தானாகச் சுருங்காது. டெசராக்டுக்காக ஒவ்வொரு பக்கத்தையும் பெரிய படமாக மாற்றி மாற்றி, என் பெட்டி 61 ஜிபி ஆகிவிட்டது. கணினியின் மொத்தக் கொள்ளளவே 256 ஜிபி. சி டிரைவ் சிவப்புக் கோடு காட்டியது. மீதி 9 ஜிபி.

பக்கங்கள் எல்லாம் எழுத்தாகிவிட்டன. இனி லினக்ஸ் தேவையில்லை. நீக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். தங்கை பேரன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். விடுமுறைக்கு வந்தவன் பார்த்துவிட்டு, "ஒரே ஒரு வரி தாத்தா, ரெண்டு செகண்டுல போயிடும்" என்றான்.

"அந்த வரியைத் தட்டாதே. முதலில் அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்" என்றேன். வாத்தியார் புத்தி போகுமா?

அந்த வரியில் உள்ள சொல் 'அன்ரெஜிஸ்டர்'. பதிவேட்டிலிருந்து பெயரை எடுப்பது. எனக்கு இது முப்பத்து மூன்று வருடம் செய்த வேலை. மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போன பையனின் பெயரை வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடிப்போம். பெயர்தான் போகும், பையன் போக மாட்டான். அடுத்த வாரம் கடைத்தெருவில் "வணக்கம் சார்" என்பான். அதே நினைப்பில் பார்த்தால் இது ஏதோ காகித வேலை போலத்தான் தோன்றும்.

பேரன் தேடிப் படித்துச் சொன்னது வேறு. இந்தப் பதிவேட்டில் பெயரை அடித்தால் ஆளும் போய்விடுவான். பெயரோடு அந்த டிரங்குப் பெட்டியும் அழியும். குப்பைத் தொட்டிக்குப் போகாது, திரும்ப எடுக்கவும் முடியாது. "நிச்சயமாகவா?" என்று ஒரு கேள்விகூடக் கேட்காது.

"அப்படியானால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்" என்றேன்.

"உங்க ஃபைல் எல்லாம் டெஸ்க்டாப்லதானே தாத்தா இருக்கு?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. 'ஆண்டு மலர் - திருத்தியது' என்ற கோப்புறை முகப்பிலேயே இருந்தது. பதினொரு மாதம் தினமும் காலையில் அதைத் திறந்துதான் வேலை பார்த்தேன். டெசராக்ட் கெட்டிக்காரன்தான், ஆனாலும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போல. காலையும் ரகரத்தையும் குழப்பும், புள்ளியை விழுங்கும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய மலர்களில் பழைய 'லை', 'னை' எல்லாம் தும்பிக்கையோடு இருக்குமே, அவற்றைக் கண்டால் திகைத்து நின்றுவிடும். 1,140 பக்கங்களையும் சிவப்பு மை இல்லாமல் திருத்தினேன்.

அந்தக் கோப்புறையைத் திறந்து, மேலே முகவரி எழுதியிருக்கும் இடத்தைப் பார்த்தோம். சி டிரைவ் என்று இல்லை. லினக்ஸ், உபுண்டு என்று இருந்தது. முகப்பில் இருந்தது ஒரு குறுக்குவழி மட்டுமே. வாசலில் பெயர்ப்பலகை, ஆள் இருப்பது உள் அறையில். ஸ்கேன் செய்த மூலப் படங்கள் விண்டோஸ் பக்கம் பத்திரமாக இருந்தன. திருத்திய எழுத்து முழுவதும் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது.

அதன் எடை எவ்வளவு தெரியுமா? 61 ஜிபியில் வெறும் 4 எம்பி. நெல் மூட்டைக்குள் ஒரு மூக்குத்தி.

அந்த மூக்குத்தியில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் ஊர்க் கிணறு வற்றியதைப் பற்றி எழுதிய ஒன்றரைப் பக்கக் கட்டுரை. அவள் இப்போது பாட்டி. சாரணர் முகாமில் சோறு குழைந்த கதை. கணக்கு வாத்தியாரைப் பற்றி வெண்பா என்ற பெயரில் எழுதப்பட்ட, தளை எதுவும் தட்டாத இடமே இல்லாத நாலு வரி. பிறகு, ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் அக்காவின் சைக்கிளைப் பற்றி எழுதிய கவிதை. அவன் இன்று இல்லை. பத்தாம் வகுப்பு முடிக்கும் முன்பே போய்விட்டான். அச்சில் அவன் பெயர் வந்தது அந்த ஒரு முறைதான். அந்த மலரின் தாள் கரையான் அரித்தது. பாதி வரிகளைப் பூதக்கண்ணாடி வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துச் சேர்த்தேன். அந்த அக்கா இந்தப் பதிவைப் படிப்பாள் என்று எனக்குத் தெரியும்.

பிறகு அவசரமில்லாமல் வேலையைச் செய்தோம். உங்களுக்கும் பயன்படலாம், வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், உள்ளே எத்தனை குடித்தனம் என்று பட்டியல் எடுத்தோம். சிலர் கணினியில் இரண்டு மூன்று லினக்ஸ் இருக்கும், பெயர் மாறிவிடக் கூடாது. அடுத்து, திருத்திய கோப்புறையை விண்டோஸ் பக்கம் நகலெடுத்தோம். கோப்பு உலாவியின் இடப்பக்கத்தில் பெங்குவின் படத்தோடு லினக்ஸ் என்று இருக்கும், அதன் வழியாகப் போனால் சாதாரணமாக நகலெடுக்கலாம். பென் டிரைவில் ஒன்று, மகளுக்கு மின்னஞ்சலில் ஒன்று.

மூன்றாவதாக, உள்ளே இருந்த வேலைப் படங்களை அழித்துவிட்டு, மொத்தக் குடித்தனத்தையும் 'எக்ஸ்போர்ட்' கட்டளையால் ஒரே கோப்பாக வெளி வட்டில் கட்டி வைத்தோம். பின்னால் தேவைப்பட்டால் அப்படியே 'இம்போர்ட்' செய்து குடியேற்றலாம்.

நான்காவது, நகலைத் திறந்து பார்த்தோம். இந்தப் பக்கம் 1,140 கோப்பு, அந்தப் பக்கம் 1,140 கோப்பு. நடுவில் இருந்து மூன்றைத் திறந்து வாசித்தேன். சைக்கிள் கவிதையையும் திறந்தேன்.

அதற்குப் பிறகுதான் பேரனிடம், "இப்போது அடி" என்றேன். அவன் சொன்ன மாதிரியே சில நொடிதான். மறுபடி பட்டியல் எடுத்தால் யாரும் இல்லை. கடைசியாக, விண்டோஸின் வசதிகள் பட்டியலில் லினக்ஸுக்கு எதிரே இருந்த குறியை எடுத்துவிட்டுக் கணினியை மறுபடி இயக்கினோம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். வசதியை மட்டும் முதலில் நிறுத்தினால் அறைக் கதவுதான் பூட்டப்படும். பெட்டி உள்ளேயே இருந்து இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அந்தப் பெட்டியைத் தேடிப்பிடித்துக் கையால் அழிக்கவும் வேண்டாம், ஆளில்லாத பெயர் பதிவேட்டில் தங்கிவிடும். லினக்ஸ் இன்னும் தேவைப்படுகிறவர்கள் நீக்காமலே பெட்டியைச் சுருக்கவும் வழி உண்டு. எனக்கு வேலை முடிந்துவிட்டதால் காலி செய்தேன். விண்டோஸுக்கு ஒரு கீறல் இல்லை. சி டிரைவில் இப்போது 70 ஜிபி காலி.

இதில் நான் படித்த பாடம் கணினிக்கு மட்டுமல்ல. பரணைச் சுத்தம் செய்யும்போதும், அப்பாவின் பழைய கைபேசியை எடைக்குப் போடும்போதும், அம்மா இல்லாத வீட்டை விற்கும்போதும் இதே மூன்று கேள்விகள்தான். உள்ளே என்ன இருக்கிறது? அதற்கு வேறு நகல் உண்டா? அந்த நகலைத் திறந்து பார்த்தாயிற்றா? மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

மலர்களில் எழுதியவர்களின் பெயர்ப் பட்டியல் தயாராகிறது. படித்த ஆண்டையும் வகுப்பையும் குறிப்பிட்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள். உங்கள் எழுத்து இருந்தால் தேடி அனுப்புகிறேன். எழுத்துப்பிழை எல்லாம் அன்று அச்சில் வந்தபடியே விட்டிருக்கிறேன், டெசராக்ட் செய்த பிழைகளை மட்டும்தான் திருத்தினேன். சைக்கிள் அக்காவுக்கு மட்டும் நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன் அம்மா. அடுத்த வாரம் வருவேன்.

அன்புடன்,
உங்கள் தமிழய்யா