பழைய ஸ்டீரியோ பாடுகிறது!

வீட்டில் பழைய ஸ்டீரியோ செட் மூலையில் கிடக்கிறதா? தயவுசெய்து எடைக்குப் போட்டு விடாதீர்கள், சகோதரிகளே!

என் மாமனார் 1984-ல் ஆசையாக வாங்கிய செட் எங்கள் கூடத்தில் இருக்கிறது. அவர் காலமான பிறகு மாமியார் பாட்டே கேட்பதில்லை. தினமும் அதைத் துடைத்து மட்டும் வைப்பார். கேசட்டுகளெல்லாம் பூஞ்சை பிடித்துப் போயின.

இப்போதுதான் பாட்டு இணையத்தில் கம்ப்யூட்டருக்கே வந்து விடுகிறதே, அதை இந்தச் செட்டில் கொடுத்தால் என்ன?

"ப்ளூடூத் போதுமேம்மா" என்றான் மகன். அது பாட்டைச் சுருக்கி அனுப்பும், நுணுக்கம் குறையலாம். அதனால் 'டி.ஏ.சி.' என்ற கையடக்கப் பெட்டி வாங்கினோம். எண்களாக வரும் பாட்டை மின் அலையாக மாற்றுவது அதன் வேலை. கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. துளையில் அதைச் செருகி, சிவப்பு, வெள்ளை ஒயர்களை ஆம்ப்ளிஃபயரின் 'ஆக்ஸ்' துளைகளில் மாட்டினோம். 'ஃபோனோ' என்றிருப்பது இசைத்தட்டுக்கு. அதில் மாட்டக் கூடாது. கம்ப்யூட்டரின் சவுண்ட் செட்டிங்கிலும் அந்தப் பெட்டியையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடையில் "24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்" என்று மயக்குவார்கள். சி.டி.யின் தரம் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். நம் காதுக்கு எட்டும் 20 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலிக்கு அதுவே தாராளம். வயதானால் உச்ச ஒலிகள் இன்னும் கேட்காது. 78 வயது மாமியாருக்காக அதிக விலை கொடுப்பானேன்?

முதலில் வீணை வைத்தேன். மாமியார் சமையலறையிலிருந்து வந்து ஸ்பீக்கர் எதிரில் உட்கார்ந்தார். "கமகம்கூடத் தெளிவா கேக்குதே! அவர் இருந்திருந்தா..." என்றார். அழவில்லை, விரல் தாளம் போட்டது.

ஒன்று மட்டும்: பெரியவர்களுக்குக் காது மந்தம் என்று சத்தத்தைக் கூட்டாதீர்கள். ஸ்பீக்கரை அவர்கள் பக்கம் திருப்பி, அருகில் உட்கார வையுங்கள். மற்றவர்கள் காதும் பிழைக்கும்!