குதிரைப் பொட்டலுக்குப் போகும் வழி

அறந்தாங்கியைச் சுற்றிலும், கண்மாய்க் கரைகளும் கருவேலங்காடும் மாறி மாறி வரும் அந்த வறண்ட பிரதேசத்தில், ஐயனாருக்கு மண்குதிரை செய்து கொடுக்கும் வேளார் குடும்பங்கள் இன்றும் சில ஊர்களில் தொழிலை விடாமல் நடத்தி வருகின்றன. அந்தக் குதிரைகளைக் கோயிலுக்கு எடுத்துச் செல்லும் புரவி எடுப்புத் திருவிழாவுக்கு முந்திய வாரங்களில் அவர்களுடைய முற்றம் ஒன்றில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாளைய அவா. உடற்குறை உடையவர்களைச் சமூகக் கலைகளில் சேர்த்துக்கொள்வது எங்ஙனம் என்று நகரத்து மண்டபங்களில் பிரசங்கங்கள் பல கேட்டுக் களைத்திருந்த எனக்கு, பிரசங்கம் செய்யாமலே அதைச் செய்துவரும் இடம் ஏதேனும் உண்டா என்று பார்க்கும் உத்தேசமும் உள்ளூர இருந்தது.

ஊர் கூடித் திருவிழாவுக்கு நாள் குறித்ததும், பெரியவர்கள் ஒரு பிடி மண்ணை எடுத்து மரியாதையுடன் வேளார் கையில் கொடுப்பது சம்பிரதாயம். இதைப் பிடிமண் கொடுத்தல் என்பார்கள். அதன் பிறகு முற்றத்தில் ஓய்வென்பதே கிடையாது. கண்மாய் மண்ணைக் கொண்டுவந்து, கல் பொறுக்கி, ஊறவைத்து, மணலும் உமியும் கலந்து மிதிக்க வேண்டும். குதிரையின் நான்கு கால்களையும் திருகையில் உள்கூடான தூண்களாக எழுப்பி, அவற்றின் மேல் வயிற்றையும் மார்பையும் சிறிது சிறிதாக வளர்த்து, உள்ளே ஒரு கையால் கல்லைத் தாங்கி, வெளியே மறு கையால் பலகை கொண்டு தட்டித் தட்டிக் கனத்தைச் சமன்செய்து, நிழலில் உலரவைத்து, விறகும் வரட்டியும் வைக்கோலும் அடுக்கிச் சூளை வைக்க வேண்டும். ஒருவர் கையால் முடிகிற காரியமன்று இது. மண் மிதிக்கிறவருக்குக் கண் கூர்மை தேவையில்லை. அணி ஒட்டுகிறவருக்குக் கால் வலிமை தேவையில்லை. வேலை இப்படித் தானாகவே பகுபட்டு நிற்பதால், இன்னாருக்கு இங்கே இடமில்லை என்று சொல்வதற்கு அந்த முற்றத்தில் நியாயம் கிடைப்பது கடினம்.

எனினும், இடம் தானாகவே கிடைத்துவிடுகிறது என்றும் எண்ணிவிடக் கூடாது. நான் போயிருந்த வீட்டில் கால்களும் தலைகளும் வனைபவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். சிறு பிராயத்தில் போலியோ கண்டு இரு கால்களும் சூம்பிப் போனதால், கைகளில் ரப்பர்ச் செருப்பை மாட்டிக்கொண்டு தரையில் நகர்கிறவர். பழைய திருகை கனமான சக்கரம். நின்றபடி குனிந்து கோலால் அதைச் சுழற்றிவிட வேண்டும். அது அவரால் ஆகாததால் இளமை முழுவதும் கல் பொறுக்குவதிலேயே அவருக்குக் கழிந்தது. கதர் கமிஷன் வழங்கும் மின்சாரத் திருகைகளில் ஒன்று வீட்டுக்கு வந்தபோதும் உபத்திரவம் தீரவில்லை. நாற்காலியில் அமர்ந்து காலால் மிதித்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்படியாக அது அமைந்திருந்தது. குழி வெட்டி அதன் இரும்புக் கால்களை இறக்கி, வட்டு தரையோடு தரையாக வரும்படி செய்து, மிதியைப் பிடுங்கி முழங்கை படும் உயரத்தில் ஒரு பலகையில் பொருத்திக் கொடுத்தவர், உள்ளூரில் சைக்கிள் பழுது பார்க்கும் ஒருவர். எந்தப் பொறியியல் கல்லூரியும் இதில் சம்பந்தப்படவில்லை. செலவு, ஒரு நாள் கூலியும் இரண்டு தேநீரும்.

குதிரையோடு வேறு உருக்களும் அந்தச் சூளைக்குப் போகின்றன. பிள்ளை வரம் வேண்டியவர்கள் மதலை எனப்படும் மண் குழந்தை உருவை எடுப்பார்கள். கை கால் நோவு தீர வேண்டிக்கொண்டவர்கள் மண்ணால் கையோ காலோ செய்யச் சொல்லிக் கோயிலில் வைப்பார்கள். அந்த நேர்த்திக்கடன் கால்களைச் செய்பவரும் இவரே. இதைக் கண்டதும் என்னுள் எழுந்த கேள்வியை நாகரிகம் கருதி அடக்கிக்கொண்டேன். அவரோ என் முகத்திலிருந்தே அதை அறிந்துகொண்டார்.

“எல்லாரும் கேக்குறதுதான் ஐயா. சொட்டு மருந்து எங்க ஊருக்கு வந்து சேர்றப்ப எனக்கு மீசை முளைச்சிருச்சு. ஆத்தா எனக்காகக் கோயில்ல மூணு தடவை காலு எடுத்து வச்சுச்சு. அந்தக் காலையும் எங்க அப்பாதான் செஞ்சாரு.”

இவ்வளவையும் சொல்லிக்கொண்டே, ஈரம் உலராத ஒரு மண் காலின் குதியைக் கட்டைவிரலால் வழித்து உருட்டி, விரல்களைப் பிரிக்க ஈர்க்குச்சியை எடுத்தார். இந்தியாவில் போலியோ ஒழிந்ததாக 2014இல் சான்றளிக்கப்பட்டது. அவருடைய தலைமுறைக்கு அந்தச் செய்தியால் விசேஷமாக ஆவது ஒன்றுமில்லை.

அவருடைய அண்ணன் மகளுக்குப் பிறவியிலேயே செவி கேளாது. குதிரையின் கழுத்துச் சலங்கையும் கடிவாளமும் மார்புப் பதக்கமும் அவளுடைய கைவேலை. சைகை மொழியைப் பள்ளியில் கற்றவளல்லள். ஆனால் முற்றத்துக்கென்று ஒரு சைகை வழக்கு உண்டாகியிருக்கிறது. விரலைச் சுழற்றினால் திருகை, உள்ளங்கையை அடித்துக் காட்டினால் தட்டுப்பலகை. அவளைக் கூப்பிட வேண்டுமானால் அருகிலிருப்பவர் தரையில் பலகையால் ஓங்கி அடிக்கிறார். அதிர்வு பாதத்தில் பட்டுத் திரும்புகிறாள். சூளை பிரித்த அன்று வீட்டுப் பெரியவர் ஒவ்வொரு உருவையும் விரல் கணுவால் தட்டி, ஓசையைக் கேட்டுக் கீறல் தேர்ந்துகொண்டிருந்தார். அவளோ உருவின் ஒரு புறத்தில் உள்ளங்கையைப் பதித்து மறு புறத்தில் தட்டினாள். பெரியவர் தேறியது என்று வைத்த மதலை ஒன்றை அவள் தனியே ஒதுக்க, அவர் மறுபடியும் தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, உடைசல் குவியலில் போட்டார்.

நம்மவர்கள் இரட்டைப் புலவர் கதையை வெகு பிரியத்துடன் சொல்வார்கள். குருடர் முடவரைத் தோளில் சுமக்க, முடவர் வழி காட்ட, ஊர் ஊராகச் சென்று பாடினார்கள் என்ற அதிசயத்தில் மனம் லயித்துவிடுவதால், ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடிப்பது அவர்களுடைய வழக்கம் என்ற செய்தி பின்னுக்குப் போய்விடுகிறது. சுமந்ததை விட இதுவே பெரிது என்பது என் அபிப்பிராயம். முற்பாதி ஒருவருடையது என்பதற்காகப் பிற்பாதியை எவரும் இரக்கத்தோடு படித்ததில்லை. இன்றைய சட்டமும் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 29ஆம் பிரிவில், மாற்றுத்திறனாளிகளான கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் ஆதரவு அளிக்க வேண்டும் என்றும், கலைகள் அவர்களுக்கு எட்டும்படியாக அமைய வேண்டும் என்றும் தெளிவாகவே சொல்கிறது. ஆயினும் நகரத்துக் கண்காட்சி ஒன்றில் இந்த வேளாருக்குப் பொன்னாடை போர்த்தக் கூப்பிட்டவர்கள், மேடைக்கு ஆறு படி வைத்திருந்தார்கள். சரிவுப் பலகை இல்லை. இருவர் தூக்கி ஏற்ற முன்வந்தபோது மறுத்துவிட்டு, கீழேயே பொன்னாடையை வாங்கிக்கொண்டு வந்ததாகச் சொன்னார். அதே இடத்தில் அவருடைய குதிரையைத் தடவிப் பார்க்க வந்த பார்வையற்ற மாணவர்களைத் தொடாதே என்று காவலர் விலக்கினாராம். ஊரில் கோயில் காட்டில் நிற்கும் குதிரைகளை ஆடும் உரசுகிறது, பிள்ளைகளும் ஏறி விளையாடுகிறார்கள்!

ஊரிலும் குறை இல்லாமலில்லை. கூலியில் வேளாருக்கும் அண்ணன் மகளுக்கும் மற்றவர்களோடு சமபங்கு உண்டு. கௌரவத்தில் அவ்வாறு சொல்ல முடியாது. திருவிழா விவரங்கள் யாவும் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படுவதால் அந்தப் பெண்ணுக்குக் கடைசியில்தான் தெரியவருகிறது. குதிரைகளுக்குக் கண் திறக்கும் சடங்கு குதிரைப் பொட்டலில் நடக்கும். அங்கே போகக் கண்மாய்க் கரையைத் தவிர வேறு வழியில்லை. கரையோ முழங்கால் மணல். தாம் வனைந்த குதிரைகளுக்குக் கண் திறப்பதை வெகுகாலம் இவர் பார்த்ததில்லை. பிறகு ஒரு சமயம் அரசியல் பிரமுகர் ஒருவருடைய கார் வருவதற்காகக் கரை நெடுகச் சரளை கொட்டினார்கள். அந்தப் பிரமுகரின் புண்ணியத்தில் வேளாருடைய மூன்று சக்கர ஸ்கூட்டரும் பொட்டல்வரை போய்வரலாயிற்று. சென்ற ஐப்பசி மழையில் சரளை பாதி கரைந்துவிட்டது. மீண்டும் கொட்ட வேண்டும் என்று ஊர்க் கூட்டத்தில் கேட்டிருக்கிறார். பந்தல்காரர் பாக்கி முதலில், சரளை இரண்டாவதாக, அடுத்த வெள்ளிக்கிழமை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.