முழங்கால்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருமங்கலத்திலிருந்து என் அக்கா மகனைக் கையோடு அழைத்துக்கொண்டு மதுரைக்கு வந்து சேர்ந்தாள். பையன் பி.காம். தேறியிருந்தான். பரீட்சை எழுதி உத்தியோகத்துக்குப் போகவேண்டிய பிள்ளை, சடுகுடு ஆடிப் பிழைக்கப் போகிறானாம்.

"நீதான் ஊருக்கெல்லாம் கதை எழுதுகிறாயே தம்பி, இவனுக்கு ஒரு வார்த்தை சொல்லு" என்றாள். கதை எழுதுகிறவனுக்கு உலக ஞானம் உண்டு என்று நம்புகிறவர்கள் இப்போது உறவில் மட்டும்தான் மிச்சம்.

பையன் வாதங்களோடு வந்திருந்தான். 2014-இல் புரோ கபடி தொடங்கியபோது முதல் ஏலத்தில் அதிக விலைக்குப் போனவர் ராகேஷ் குமார். 12 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். 2022-இல் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத்தை எடுத்தது 2 கோடியே 26 லட்சத்துக்கு. ஏலம், விலை என்ற சொற்களை அவன் கூசாமல் சொன்னான். எங்கள் பக்கத்தில் ஏலம் என்றால் புளியமரமும் கண்மாய் மீனும்தான்.

"அந்தப் பவன் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய், அந்தப் பருவம் முழுவதும் உட்கார்ந்துவிட்டாரே?" என்று மடக்கினேன்.

"அடுத்த வருஷமே ஹாங்சோவில் இந்தியாவுக்குத் தலைவராக நின்று ஆசியத் தங்கம் வாங்கினார், மாமா. விலையும் 2 கோடியே 60 லட்சமாக ஏறியது. அதை விடுங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சேரலாதன் 2016-இல் பாட்னா அணிக்குக் கோப்பை வாங்கித் தந்தபோது வயது 41!"

நாற்பத்தொன்றில் எனக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. பேச்சை மாற்றினேன்.

அவனோ கைப்பேசியில் ரக்பி ஆட்டம் ஒன்றைக் காட்டினான். 2025 ஜூனில் மும்பையில் நடந்த ரக்பி பிரீமியர் லீக். சென்னை புல்ஸ்தான் வென்றது. "பந்தைச் சேர்த்துவிட்டால் நம் சடுகுடுதானே மாமா!" என்றான். பாய்ந்து இடுப்பைக் கட்டி வீழ்த்துகிறதைப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

அந்த ஆட்டத்தைப் பற்றி நான் படித்திருந்தது வேறு. இங்கிலாந்தின் வடக்கில் மில் தொழிலாளிகளும் சுரங்கத் தொழிலாளிகளும் ரக்பி ஆடினார்கள். ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போயிற்று. அந்தக் கூலியையாவது கொடுங்கள் என்று கேட்டார்கள். விளையாட்டுக்குக் காசா என்று கனவான்கள் முகம் சுளித்தார்கள். 1895-இல் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடி வடக்கத்திச் சங்கங்கள் தனியே பிரிந்தன. எஞ்சிய ரக்பி யூனியன் ஆட்டக்காரனுக்குச் சம்பளம் தரலாம் என்று சம்மதித்தது 1995-இல். சரியாக நூறு வருஷம்!

மில் என்றதும் எனக்குப் பெரியம்மா மகன் ஞாபகம் வந்தது. பொங்கலன்று ஊர்ப் பொட்டலில் அண்ணன் பாடிப் போவதைப் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். நாலு பேர் மேலே விழுந்து அமுக்கிக் கிடக்க, உடம்பைப் பாம்பாக நீட்டி நடுக்கோட்டை விரல் நுனியால் தொடுவான். அவன் சட்டையை மடியில் வைத்துக் காவல் காக்கிற பெருமை எனக்கு. ஆட்டத்தைப் பார்த்து ஒரு மில்லில் வேலை கொடுத்தார்கள். இருபத்தெட்டு வயதில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. எண்ணெய்க் கட்டுப் போட்டுக்கொண்டான். விடுப்பு சம்பளமில்லா விடுப்பாயிற்று. மறு வருஷம் அணியில் அவன் இடத்தில் வேறொரு பையன். எட்டு மணி நேரம் நிற்கிற வேலைக்கு அண்ணனை மாற்றினார்கள். பிறகு மில்லே மூடிவிட்டது. இப்போது சமயநல்லூரில் பெட்டிக்கடை, கையில் கம்பு.

பையனுக்கு அந்தக் காலைக் காட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். சாயங்காலம் இருவரும் பஸ் ஏறினோம்.

அண்ணன் விஷயத்தைக் கேட்டான். வேட்டியை மடித்துத் தன் முழங்காலைக் காட்டுவான் என்று பார்த்தால், பையனின் முழங்காலைப் பிடித்துப் பார்த்தான்.

"எந்தக் காலை முந்தி வைக்கிறே?"

"வலது கால், மாமா."

"பாய் விரிப்பிலே சோடு போட்டு ஆடுறியா? மண்ணு வழுக்கி விட்டுரும், அதுவே காப்பாத்தும். விரிப்பு பிடிச்சுக்கும். திரும்பறப்போ பாதம் முதல்லே திரும்பணும்டா, முட்டி அப்புறம்."

"அண்ணே, இவனுக்குப் புத்தி சொல்லத்தான் கூட்டிவந்தேன்" என்றேன்.

"அதைத்தானேடா சொல்லிக்கிட்டிருக்கேன்!" அவன் பையனைவிட்டுக் கண் எடுக்கவில்லை. "கையெழுத்துப் போடறதுக்கு முன்னே, கால் போனா ஆஸ்பத்திரிச் செலவு யாருதுன்னு தாள்லே எழுதியிருக்கான்னு படிச்சுப் பாரு. ஆடாத வருஷத்துக்குச் சம்பளம் உண்டான்னு பாரு. எனக்குத் தாளே கிடையாது. வாய் வார்த்தைதான். ஏலத்திலே எடுக்கலேன்னா?"

பையன் கொஞ்சம் தயங்கினான். "பரீட்சைக்கும் பணம் கட்டியிருக்கேன், மாமா."

அதை அவன் அம்மாவிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.

அண்ணன் கம்பை ஊன்றிக் கடைக்கு வெளியே வந்து புழுதியில் ஒரு கோடு கிழித்தான். "மூச்சைக் காட்டு பார்ப்போம்." பையன் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து பாட ஆரம்பித்தான். எதிர்ப்பக்கம் நின்ற அண்ணனின் உதடும் சேர்ந்து அசைந்தது. ரயில் பார்க்கப் போன குழந்தைகள் நின்றுவிட்டார்கள்.

என் பைக்குள் கைப்பேசி அடித்தது. அக்காதான். நான் இருபத்து மூன்று, இருபத்து நாலு என்று எண்ணிக்கொண்டிருந்தேன், எடுக்கவில்லை.