பின்னால் நின்ற எஞ்சின்

எங்கள் நாஞ்சில் நாட்டுக்கு ரயில் வந்ததே 1979-ல்தான். நான் பிறந்தது அதற்குப் பிறகு என்றாலும், ரயில் ஞானத்தில் என் முன்னோருக்கு நான் சளைத்தவனல்ல. அந்த ஞானத்தை வைத்துக்கொண்டு ஒரு நாவலில் நீலகிரி ரயிலை ஓடவிட்டேன். குன்னூருக்கு ஏறும் வண்டியில் கதாநாயகி, முன்னால் எஞ்சின் விடும் புகையைப் பார்த்தபடி கண்ணீர் வடிப்பாள்.

புத்தகம் வெளியான மாதமே ஒரு தபால் கார்டு வந்தது. எழுதியவர் அந்த மலைப்பாதையில் ஃபயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். 'ஏறும்போது எஞ்சின் பின்னால் நின்று தள்ளும், ஐயா. ஒருமுறை வாருங்கள், காட்டுகிறேன்.' அவ்வளவுதான். கதையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை இல்லை. எனக்கு ரோஷம். பதில் போடவில்லை.

ஆறு வருஷம் கழித்து அப்பாவுடன் மேட்டுப்பாளையம் போனேன். எஞ்சின் பின்னால்தான் நின்றது. எக்ஸ் வகுப்பு என்று பெயர். முதல் எஞ்சின்கள் 1914-ல் ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்டவை. 2011 முதல் நம் பொன்மலைத் தொழிற்சாலையிலும் புதிதாகச் செய்திருக்கிறார்கள். தண்ணீருக்கென்று தனி வண்டி கிடையாது. இரண்டு விலாவிலும் தொட்டி.

"லே மக்கா, குடிதண்ணிய அவனே சுமக்கான் பாரு" என்றார் அப்பா.

கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டங்கள் ஆரம்பிக்கின்றன. பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம். சமதரையில் கீழ்ச் சிலிண்டர்கள் இரண்டு மட்டும் உழைக்கும். ஏற்றத்தில், அவை உழைத்து வெளிவிடும் நீராவியே மேல்சிலிண்டர்கள் இரண்டுக்கும் போய்ப் பல்சக்கரங்களைச் சுற்றுகிறது. கஞ்சித் தண்ணீரைக் கொட்ட மனம் வராத எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இது சட்டென்று விளங்கும். இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் உருண்டுவிடாமல் தாங்கத்தான் எஞ்சின் கீழ்ப்புறம். டிரைவருக்கு முன்னால் உள்ள பாதை தெரியாது; முதல் பெட்டியில் நிற்கும் பிரேக்காரர் காட்டும் கொடிதான் அவருக்குக் கண்.

ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நின்றபோது, இறங்கி ஓடி, கார்டுக்காரரின் பெயரைச் சொல்லி விசாரித்தேன்.

"போன வருசம் தவறிட்டாருங்க" என்றார் ஃபயர்மேன். "யாரு வந்தாலும் கூட்டிட்டு வந்து எஞ்சினக் காட்டுவாருங்க. நீங்க சொந்தமுங்களா?"

இல்லை என்றேன். எஞ்சின் ஊதியது. அப்பா ஜன்னல் வழியே கையை ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பதிப்பில் புகையைப் பின்னுக்குக் கொண்டுபோய்விட்டேன். கதாநாயகி இப்போது கழுத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறாள்.