இரண்டு உண்ணாவிரதங்களுக்கு நடுவே ஒரு வீடு

சிவகாசி

அன்புள்ள மாப்பிள்ளை,

நீ அனுப்பிய குரல்பதிவை அக்கா இரண்டு தடவை போட்டுக் காட்டினாள். போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். இந்த மாதிரி விஷயத்தைப் போனில் பேசினால் பாதியில் யாராவது சத்தம் போடுவார்கள், பெரும்பாலும் நானாகத்தான் இருக்கும். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். படம் பிடித்து உனக்கு அனுப்புவது உன் அம்மா பொறுப்பு.

அறையில் கூட இருக்கிற பையன் உன்னை 'வந்தேறி' என்றானாம். விளையாட்டாகத்தான் சொன்னான் என்கிறாய். விளையாட்டுப் பேச்சை யாரும் துபாயிலிருந்து மாமா வரைக்கும் கொண்டுவர மாட்டார்கள். உன் கூட வேலை பார்க்கிற தப்ரீஸ்காரர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "எங்க ஊர்லயும் இதே கதைதான், நீ இரானியனா துருக்கியனான்னு கேப்பாங்க" என்றாராமே. அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் நம் வீட்டுக் கதை.

நேரில் இருந்தால் இதையெல்லாம் உன்னிடம் தெலுங்கில்தான் பேசியிருப்பேன். எழுத உட்கார்ந்தால் தமிழை விட்டால் வழியில்லை. எங்கள் நைனாவுக்குத் தெலுங்கு எழுத்து தெரியாது; அவருடைய நைனாவுக்கும் தெரிந்திருக்காது. கல்யாணப் பத்திரிகை, நிலப் பத்திரம், கோயில் நோட்டீஸ், சாவுச் செய்தி சொல்லும் கார்டு எல்லாமே நமக்குத் தமிழ்தான். யாரும் தடுத்ததில்லை, நாமாகவே விட்டுவிட்டோம். அச்சகத்தில் லித்தோ காலத்திலிருந்து ஆஃப்செட் காலம் வரை இருந்தவன் நான். கான்பூருக்கு இந்திக் காலண்டர், கல்கத்தாவுக்கு வங்காளிக் காலண்டர், விஜயவாடாவுக்குத் தெலுங்குக் காலண்டர் எல்லாம் என் கையால் போயிருக்கின்றன. ஆர்ட்டிஸ்ட் எழுத்தைப் பார்த்துப் பார்த்து வரைவார், புரூஃப் தபாலில் போய்த் திருத்தத்தோடு திரும்பி வரும். இந்தியில் தப்பு இருந்தால் எனக்குத் தெரியாது. தெலுங்கில் இருந்தாலும் தெரியாது. பக்கத்தில் ஒருவன் வாய்விட்டுப் படித்தால்தான் அது என் அம்மா பேசுகிற பேச்சு என்று தெரியும்.

அதற்காக நமக்குத் தெலுங்கோடு ஒட்டு இல்லை என்று நினைத்துவிடாதே. 1952 அக்டோபர் 19 அன்று சென்னையில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் உட்கார்ந்தார். தெலுங்கு பேசுகிற மாவட்டங்களைப் பிரித்துத் தனி ஆந்திரா வேண்டும், அதுவும் சென்னையோடு சேர்த்து வேண்டும் என்று. 58 நாள் கிடந்து டிசம்பர் 15 அன்று செத்துப்போனார். செய்தி வந்த அன்று நம் வீட்டில் நைனா உட்பட யாருக்கும் சோறு இறங்கவில்லை என்று அம்மா சொல்வாள். அதே நைனா, சென்னையை விட்டுக் கொடுக்கக் கூடாது என்ற கட்சி! 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரா பிறந்தது, சென்னை இங்கேயே தங்கியது. நம் ஊரிலிருந்து ஒரு மாட்டு வண்டிகூட வடக்கே கிளம்பவில்லை. கிளம்ப வேண்டுமோ என்று யோசித்த ஆளும் இல்லை. மழை பெய்திருந்தது, பருத்தி நின்றது, அதைப் பார்க்கப் போனார்கள்.

அப்புறம் நாலு வருஷம் முழுசாக முடியவில்லை. 1956 ஜூலை 27 அன்று விருதுநகரில் சங்கரலிங்கனார் உட்கார்ந்தார். கதர்க்காரர், காங்கிரஸ்காரர், காந்தி வழி வந்தவர். சென்னை ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வை என்பதுதான் இப்போது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. மொத்தம் 12 கோரிக்கை வைத்திருந்தார். இந்தியா முழுக்க மதுவிலக்கு வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. பிரிந்து போக நினைக்கிறவன் இந்தியா முழுவதற்குமா மதுவிலக்கு கேட்பான்? அப்போது முதலமைச்சராக இருந்தவர் காமராஜர். அதே ஊர், அதே கட்சி, அதே சாதி. இருவருமே நாட்டுக்காக உழைத்தவர்கள். ஒருவருக்குப் பெயர் முக்கியமாக இருந்தது, மற்றவருக்குப் பள்ளிக்கூடமும் அணையும். தேசபந்து மைதானத்துக்கு அண்ணாதுரை வந்தார், கம்யூனிஸ்டுகள் வந்தார்கள், விட்டுவிடுங்கள் என்று கேட்டும் பார்த்தார்கள். 76 நாள் உண்ணாவிரதத்துக்குப் பின் மதுரை ஆஸ்பத்திரியில் அக்டோபர் 13 அன்று உயிர் போனது. சட்டமன்றத்தில் தீர்மானம் வந்தது 1967 ஜூலை 18-இல். பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14-இல்.

நைனா அந்த மைதானத்துக்குப் போய்க் கும்பிட்டு வந்தவர். தெலுங்கு மாநிலம் கேட்டுச் செத்தவருக்காகவும் சாப்பிடாமல் இருந்தார், தமிழ்நாடு என்ற பெயர் கேட்டுச் செத்தவருக்காகவும் சாப்பிடாமல் இருந்தார், அடுத்த தேர்தலில் காங்கிரசுக்கே ஓட்டும் போட்டார். இந்த மூன்றில் எது பொய் என்று உன் அறைத் தோழனிடம் கேட்டுப் பார்.

பெரிய மாமா வேறு மாதிரி. 1965-இல் கல்லூரியில் இருந்தார். அந்த ஜனவரி 26-இலிருந்து இந்திதான் ஆட்சிமொழி என்றதும் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்களே, அதில் இவரும் ஒரு தலை. 1967 தேர்தலில் விருதுநகரில் காமராஜரே நின்றார். எதிரே பெ. சீனிவாசன், மாணவர் தலைவர். 1,285 ஓட்டில் காமராஜர் தோற்றார். அன்று ராத்திரி நடுவீட்டில் நடந்ததை நான் மூலையில் உட்கார்ந்து பார்த்தேன். தமிழைக் காப்பாற்றத்தான் ஓட்டுப் போட்டேன் என்று பெரிய மாமா கத்தினார். ஊர்ப் பிள்ளையைத் தோற்கடித்துவிட்டு என்னடா தமிழ் என்று நைனா துண்டை உதறினார். அடிக்காத குறை. இவ்வளவும் தெலுங்கில், மாப்பிள்ளை! அம்மா இரண்டு பேரையும் வைததும் தெலுங்கில்தான். அப்போது அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. இப்போது உனக்கு எழுதும்போதுதான் எனக்கே சிரிப்பு வருகிறது.

இனி உன் தப்ரீஸ்காரர். இரானில் அவரைப் போன்ற அஜெரிகள் ஒரு கோடிக்கும் மேல். கணக்கெடுப்பில் இனத்தைக் கேட்பதில்லை என்பதால் ஆளாளுக்கு ஓர் எண் சொல்கிறார்கள். வீட்டில் துருக்கி வகை மொழியான அஜெரி, பள்ளியில் பாரசீகம். 1828-இல் துர்க்மென்சாய் ஒப்பந்தம் போட்டு ரஷ்யா அராஸ் ஆற்றை எல்லையாக்கியது. ஆற்றுக்கு வடக்கே இருந்தவர்கள் ரஷ்யாவுக்குக் கீழே போய், சோவியத்தில் இருந்து, 1991-இல் அஜர்பைஜான் என்ற தனி நாடாகிவிட்டார்கள். தெற்கே இருந்தவர்கள் இரானியர்களாகவே இருக்கிறார்கள். இரானை ஷியா நாடாக்கிய ஷா இஸ்மாயில் 1501-இல் முடிசூடியது தப்ரீஸில்தான். அவர் கவிதை எழுதியது துருக்கி மொழியில். 1908-இல் மன்னர் நாடாளுமன்றத்தைப் பீரங்கியால் சுட்டுத் தகர்த்தபோது, தப்ரீஸில் நின்று அரசியல் சட்டத்துக்காகச் சண்டை போட்ட சத்தார் கான் அஜெரி. 1989-இல் உச்சத் தலைவரான காமனெயியின் தகப்பனார் வழி அஜெரி. 2024-இல் அதிபரான பெசெஷ்கியானும் அஜெரி. இதற்கு மேல் ஒரு நாட்டுக்காரனாக இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் கேள்வி நிற்கவில்லை என்கிறார் உன் நண்பர்.

அந்தக் கேள்விக்கும் ஒரு பிறப்பிடம் உண்டு. 1945 கடைசியில் சோவியத் படை இருந்த தைரியத்தில் தப்ரீஸில் ஒரு தன்னாட்சி அரசு எழுந்தது. அஜெரியில் பாடம் நடத்தினார்கள். ஒரு வருஷம்தான். சோவியத் போனது, 1946 டிசம்பரில் அரசும் போனது. அந்த ஒரு வருஷத்தைக் காட்டியே பேரன் காலம் வரைக்கும் சந்தேகப்படுகிறார்கள். நம் பக்கத்திலும் திராவிட நாடு என்று கேட்டவர்கள் சீனச் சண்டைக்குப் பிறகு 1963-இல் அதைக் கைவிட்டார்கள். கைவிட்டவர்களே நாலு வருஷத்தில் கோட்டையில் உட்கார்ந்து மாநிலத்துக்குப் பெயர் மாற்றினார்கள், நாடு உடையவில்லை. சந்தேகத்தை டெல்லி முழுதாக விட்டதா என்றால் இல்லைதான். இருந்தாலும் ஓட்டுப் பெட்டி ஒன்று நடுவில் இருந்தது. அங்கே 2006-இல் ஒரு அரசுப் பத்திரிகையில் கரப்பான்பூச்சியை அஜெரி வார்த்தை பேச வைத்து ஒரு கேலிச்சித்திரம் வந்தது. தப்ரீஸ் கொந்தளித்தது. சித்திரக்காரரைப் பிடித்து உள்ளே போட்டார்கள், பத்திரிகையை மூடினார்கள், தெருவுக்கு வந்தவர்களையும் விடவில்லை. உள்ளூர் மொழி இலக்கியத்தைப் பள்ளியில் சொல்லித்தரலாம் என்று 1979 அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை நடத்து என்று கேட்டாலே பிரிவினைவாதி. எனக்கு அதுதான் பெரிய அநியாயமாகப் படுகிறது. தாய்மொழியில் ஒரு பாடப்புத்தகம் கேட்கிறவன் இன்னொரு கொடியைக் கேட்கவில்லை.

நமக்குச் சிக்கல் குறைவு என்பதற்கு நம் பெருந்தன்மை காரணமில்லை. ஆந்திரா இந்தியாவுக்குள்ளேயே இருப்பதால் நமக்கு ஆறும் எல்லையும் கிடையாது, அவ்வளவுதான்.

ஷஹ்ரியார் என்று ஒரு கவிஞர். பாரசீகத்தில் பெரிய பேர் வாங்கியவர். தன் கிராமத்து மலையை நினைத்து அஜெரியில் ஒரு நெடுங்கவிதை எழுதினார், அதன் பெயர் 'ஹைதர் பாபாவுக்கு வணக்கம்'. அவர் இறந்த செப்டம்பர் 18-ஐத்தான் இரானே பாரசீகக் கவிதை நாளாகக் கொண்டாடுகிறது. நமக்குக் கி. ராஜநாராயணன் இருக்கிறாரே, அந்த மாதிரி. வீட்டில் தெலுங்கு பேசிய இடைசெவல் மனிதர், கரிசல் தமிழுக்கு அகராதி தொகுத்தார். நம் முன்னோர் வடக்கேயிருந்து ஓடி வந்த கதையைத்தான் 'கோபல்ல கிராமம்' என்று தமிழில் எழுதினார். 1991-இல் அவருக்குச் சாகித்ய அகாதமி விருது. 2021-இல் இறந்தபோது தமிழ்நாடு அரசு மரியாதையோடு வழியனுப்பியது. எதிர்ப்பக்கமும் பார். கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய 'ஆமுக்தமால்யதா'வின் களம் நம் ஸ்ரீவில்லிபுத்தூர், நாயகி ஆண்டாள்.

ஆனால் இதையெல்லாம் அந்தப் பையனிடம் சொல்லாதே. கட்டபொம்மனும் தெலுங்குதான் என்று ஆரம்பிக்காதே. ஒரு சான்றிதழை எடுத்து நீட்டினால் அடுத்ததைக் கேட்பான். தப்ரீஸ்காரர்கள் ஷா இஸ்மாயிலிலிருந்து அதிபர் வரை நீட்டியும் பலன் இல்லை. கேட்கிறவனுக்கு நீதிபதி நாற்காலியைப் போட்டுக் கொடுத்தது யார் என்பதுதான் என் கேள்வி.

நம்மவர்களிடமும் கேட்க ஒன்று உண்டு. இந்தக் கரிசலில் அருந்ததியர் வீடுகளில் பேசுவதும் தெலுங்குதான். மொழிச் சொந்தம் என்று வாய் கிழியப் பேசுகிறவர்கள் என்றைக்காவது அவர்களை நம் ஆட்கள் என்று எண்ணினோமா? குடிநீர்க் குழாயடியில்கூட எண்ணவில்லை. 2009-இல் அவர்களுக்கு உள் ஒதுக்கீடு வந்தபோது நம் தெருவில் பேசிய பேச்சு எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆக, மொழியை வைத்து நாம் என்ற சொல்லுக்கு வேலி போடுவது நமக்கும் தேவைப்பட்டபோது மட்டும்தான்.

பட்டம் எவ்வளவு சீக்கிரம் மாறும் என்பதற்குச் சிவகாசிச் சேதி ஒன்று. சீனப் பட்டாசு கள்ளத்தனமாக வந்தபோது சிவகாசிப் பட்டாசு வாங்குவதுதான் தேசபக்தி என்று போஸ்டர் அடித்துக் கொடுத்தோம். 2017-இல் டெல்லியில் தீபாவளிப் பட்டாசு விற்பனைக்குத் தடை வந்தது. 2018-இல் பேரியம் கூடாது, சரவெடி கூடாது, வெடிக்க இரண்டு மணி நேரம்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தேசபக்தராக இருந்தவர்கள் காற்றைக் கெடுப்பவர்களாகிவிட்டோம். டெல்லிக் குழந்தைகளின் மூச்சு முக்கியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பசைக் கையோடு குழாய் ஒட்டிக்கொண்டிருந்த பெண்களுக்கு மாற்று வேலை யார் கொடுப்பது என்று யாரும் கேட்கவில்லை, அதுதான் ஆறவில்லை.

மொழிக்கே திரும்புகிறேன். 2027-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று அறிவித்திருக்கிறார்கள். போன கணக்கில், 2011-இல், தாய்மொழி தெலுங்கு என்று சொன்னவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஆறு பேருக்குச் சற்றுக் குறைவு. உன் அம்மா தெலுங்கு என்றுதான் சொல்வேன் என்று இப்போதே சொல்லிவிட்டாள். பெரிய மாமா வீட்டில் தமிழ் என்பார்கள், போன தடவையும் அப்படித்தான். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் இரண்டு பெட்டியில் விழுவார்கள். நீ வெளிநாட்டில் இருப்பதால் உனக்கு அந்தச் சங்கடம் கிடையாது. உன் நண்பரிடம் ஒன்று கேட்டு எழுது: அவர் தன் அம்மாவுக்குக் கடிதம் எழுதினால் எந்த மொழியில் எழுதுவார்? அவருக்கு அஜெரி எழுத வருமா?

பணம் வந்தது. ஊர் வீட்டுக்கு வரி கட்டியாகிவிட்டது, ரசீது அக்காவிடம் இருக்கிறது.

உன் மாமா