பெட்டிக்குள் ஒரு வரைபடம்

பங்குனி 24

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் சாலையின் இருமருங்கிலும் பரந்து கிடக்கும் இந்தக் கரிசல் பூமி, ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் மழையையே பிரதானமாக நம்பிக் கம்பும் சோளமும் பருத்தியும் உளுந்தும் விளைவிக்கிற மானாவாரிச் சீமை. குண்டாற்றில் தண்ணீர் ஓடுகிற நாட்கள் வருஷத்தில் சொற்பமே. ஆயினும் கிணறோ போர்வெல்லோ கைகொடுக்கிற இடங்களில் மல்லிகைத் தோட்டங்கள் பச்சைப் பசேலென்று நிற்கின்றன. பங்குனி பிறந்துவிட்டால் மல்லிகைக்குப் பூக்காலம். கிணற்று நீர் கீழே இறங்குகிற காலமும் அதுவே. மொட்டு மலர்வதற்கு முன் பறித்துச் சந்தைக்கு அனுப்ப வேண்டும் என்பதற்காகக் கருக்கலில் எழுகிற குடியானவர், பம்புசெட்டுக்குரிய மும்முனை மின்சாரம் முறைவைத்து நள்ளிரவில் வருமானால், அதற்காகவும் தூக்கத்தைத் துறந்து, டார்ச் லைட்டை ஏந்திக்கொண்டு, பாம்பும் தேளும் நடமாடும் வரப்பில் நடந்துபோய் மோட்டாரைப் போட்டுவிட்டு வர வேண்டியவராக இருக்கிறார்.

அத்தகைய தோட்டம் ஒன்றின் மோட்டார் அறையில் இன்று ஒரு கருவியைக் கண்டேன். என்னிடம் பௌதிகம் படித்து, இப்போது மோட்டார்களுக்குக் காயில் கட்டும் தொழில் செய்துவருகிற ஓர் இளைஞர் அதைத் தம் கையாலேயே செய்திருந்தார். பழைய பட்டன் போன் ஒன்று, ரிலேக்கள் இரண்டு, சிறு சர்க்யூட் போர்டு ஒன்று, எல்லாம் பிளாஸ்டிக் டப்பா ஒன்றுக்குள் அடக்கம். தோட்டக்காரர் வீட்டில் கட்டிலில் படுத்தபடியே அந்தப் போனுக்கு அழைத்து ஓர் எண்ணை அமுக்கினால் மோட்டார் ஓடுகிறது. வேறோர் எண்ணை அமுக்கினால் நிற்கிறது.

“போன வருஷம் ராத்திரியில வரப்புல சறுக்கி அண்ணாச்சிக்குக் கால் பெசகிருச்சு சார். ஒரு மாசம் எந்திரிக்கலை. அதுக்கப்புறம்தான் இதைச் செஞ்சு குடுத்தேன்” என்றார் அவர்.

ஒருவர் படும் துன்பத்தைப் பக்கத்தில் இருப்பவர் தம் துன்பமாக எண்ணுகிற இடத்தில் யந்திரம் பிறக்கிறது என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சான்று எனக்கு வேண்டியதில்லை.

பங்குனி 27

அந்த இளைஞருடைய கடைக்குப் போய்ச் சாவகாசமாக உட்கார்ந்து அந்தக் கருவியின் தத்துவத்தைக் கேட்டறிந்தேன். காசு கொடுத்து வாங்கினால் இத்தகைய மொபைல் ஸ்டார்ட்டர்கள் கடைகளில் கிடைக்கவே செய்கின்றன. ஆனால் தாமே செய்தவருடைய அறிவு, வாங்கி மாட்டுகிறவருக்கு வாய்ப்பதில்லை.

தொலைபேசியில் நாம் ஓர் எண்ணை அமுக்கும்போது எழுகிற ஓசை தனி நாதமன்று. தாழ்ந்த சுருதி ஒன்றும் உயர்ந்த சுருதி ஒன்றும் சேர்ந்து ஒலிக்கும் ஜோடி அது. ஐந்தாம் எண்ணை அமுக்கினால் விநாடிக்கு 770 அதிர்வுகள் கொண்ட ஓசையும் 1336 அதிர்வுகள் கொண்ட ஓசையும் ஒருங்கே பிறக்கின்றன. அமெரிக்காவின் பெல் நிறுவனம் 1963-இல் பொதுமக்களின் உபயோகத்துக்குக் கொண்டுவந்த ஏற்பாடு இது. இரண்டு ஓசைகள் ஒருசேர வந்தால்தான் எண் என்று கருதப்படும் ஆதலால், மனிதக் குரலோ வெளிச் சத்தமோ எண்ணாக மயங்குவது அரிது. மோட்டார் அறையிலுள்ள போன், வரும் அழைப்பைத் தானே ஏற்றுக்கொள்ளும்படி வைக்கப்பட்டிருக்கிறது. அதன் ஹெட்போன் துவாரத்திலிருந்து வருகிற ஓசையை எம்டி 8870 என்னும் சிறிய ஐசி பிரித்தறிந்து, இன்ன எண் என்று நான்கு கம்பிகளில் அறிவிக்கிறது. அந்த அறிவிப்பு ஒரு டிரான்சிஸ்டரை உசுப்ப, டிரான்சிஸ்டர் ரிலேயை இழுக்கிறது.

ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தான், அமுக்கினால் இணைவது. சிவப்புப் பொத்தான், அமுக்கினால் பிரிவது. ஆகவே ஒரு ரிலேயின் முனைகளைப் பச்சைப் பொத்தானுக்குப் பக்க இணைப்பாகவும், மற்றொன்றின் முனைகளைச் சிவப்புப் பொத்தானோடு தொடர் இணைப்பாகவும் கோத்துவிட்டால், மனிதன் விரலால் செய்யும் காரியத்தை ரிலே செய்துவிடும். ரிலேயின் காயிலில் மின்னோட்டம் அறுபடும் கணத்தில் எழுகிற எதிர்மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடாதபடி காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடைத் திருப்பிப் போட்டிருக்கிறார். அதை மாட்டியிருப்பது எதற்காக என்று கேட்டேன். காரணத்தைப் பிசகில்லாமல் சொன்னார். ஆசிரியனாக இருந்தவனுக்கு அதைவிட ஆனந்தம் வேறில்லை.

சித்திரை 1

புத்தாண்டு. இந்த நாள் வரும்போதெல்லாம் 2014 ஏப்ரல் மாத நடுவில் சங்கரன்கோவில் பக்கத்துக் குத்தாலப்பேரியில் நிகழ்ந்தது ஞாபகத்துக்கு வருகிறது. மூடாமல் விடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றுக்குள் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் தவறி விழுந்துவிட்டான். மதுரையைச் சேர்ந்த மணிகண்டன் என்பவர் தாமே உருவாக்கிய ரோபோவைக் கொண்டுவந்து, கயிற்றில் கட்டி உள்ளே இறக்கி, குழந்தையை உயிரோடு மேலே கொண்டுவந்தார். 2003-இல் அவருடைய மகனே மூடப்படாத துளை ஒன்றின் அபாயத்திலிருந்து மயிரிழையில் தப்பியவன். அன்று மனத்தில் விழுந்த வித்துதான் பல வருஷப் பிரயாசைக்குப் பின் யந்திரமாயிற்று. உள்ளே இருப்பதைக் காட்ட ஒரு கேமரா, குழந்தையைப் பற்ற மோட்டாரால் விரிந்து குவியும் உலோகக் கைகள், சக்திக்குப் பாட்டரி, பார்ப்பதற்கு மேலே ஒரு திரை: உறுப்புகள் இவ்வளவே.

இந்தக் கருவியின் பெருமையை உணர, அதற்கு முன் இருந்த வழியை நினைத்துப் பார்க்க வேண்டும். 2006 ஜூலையில் ஹரியானாவின் குருக்ஷேத்திரத்துக்கு அருகே ஏறத்தாழ 60 அடி ஆழத்தில் சிக்கிய ஐந்து வயதுச் சிறுவனை, பக்கத்துக் கிணற்றிலிருந்து சுரங்கம் தோண்டி மீட்க ராணுவத்துக்கு இரண்டு நாட்கள் பிடித்தன. பாறை நிலத்தில் அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. 2019 அக்டோபரில் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தபோது, பல ஊர்களிலிருந்து தாங்களே செய்த கருவிகளோடு குழுக்கள் ஓடிவந்து முயன்றன. பக்கத்தில் குழி தோண்ட வந்த யந்திரங்களைக் கடும் பாறை தடுத்தது. நாலு நாட்கள் நாடே விழித்திருந்தும் குழந்தை பிழைக்கவில்லை.

குத்தாலப்பேரி, நடுக்காட்டுப்பட்டி நிகழ்ச்சிகள் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஓர் எண்ணம் வலுப்படுகிறது. ஒரு தனிமனிதரின் கருணையும் சாமர்த்தியமும் ஓர் உயிரைக் காத்தன, அது போற்றத்தக்கது. ஆனால் அந்த யந்திரம் ஒவ்வொரு தாலுகாவின் தீயணைப்பு நிலையத்திலும் இருந்து, துளையின் அகலத்துக்கேற்பப் பல அளவுகளில் செய்யப்பட்டு, பொம்மையை உள்ளே விட்டு மாதந்தோறும் ஒத்திகை பார்க்கப்பட்டு, அடைந்த அனுபவம் எழுத்தில் ஏறியிருந்தால் அல்லவா அது நாட்டின் சொத்தாகும்?

இன்னொன்றும் உண்டு. 2010-இலேயே உச்ச நீதிமன்றம், போர்வெல்லைச் சுற்றி வேலியிட வேண்டும், குழாயின் வாயை இரும்பு மூடியால் இறுக்க வேண்டும், கைவிட்ட துளையை மண்ணும் கல்லும் இட்டு அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும் என்று கட்டளையிட்டிருக்கிறது. தண்ணீர் தேடித் துளைத்துத் துளைத்துச் சலித்துப்போன நம் சீமையில் இந்தக் கட்டளைக்கு ஒப்பான யந்திரம் எதுவும் இல்லை. மூடிதான் முதல் கருவி. ரோபோ இரண்டாவது கருவி.

சித்திரை 12

கடையில் இன்று புதிய வேலை. கிணற்றில் தண்ணீர் வற்றிய பிறகும் மோட்டார் ஓடினால் என்ன ஆகும் என்பது இங்கே கோடையில் ஒவ்வொருவரும் அறிந்த சங்கதி. நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர்விப்பது அதைச் சுற்றியுள்ள நீரே. நீர் இறங்கிவிட்டால் சூடேறிக் காயில் கருகுகிறது. இதற்கு என் பழைய மாணவரான தம்பி செய்திருக்கும் உபாயம் மிக எளிது. எவர்சில்வர் கம்பிகள் மூன்றை வெவ்வேறு ஆழத்தில் தொங்கவிடுகிறார். நம் கிணற்று நீரில் கரைந்துள்ள உப்பு மின்சாரத்தைக் கடத்தும் ஆதலால், கம்பிகளிடையே செல்லும் அற்ப மின்னோட்டத்தைப் பிசி 547 டிரான்சிஸ்டர் பெருக்கி ரிலேக்குச் சொல்கிறது. நீர் நடுக்கம்பிக்குக் கீழே போனால் மோட்டார் நிற்கும். மறுபடி ஊறி மேல்கம்பியைத் தொட்ட பிறகே ஓடும். ஒரே கம்பியை வைத்தால் நீர்மட்டம் சிறிது அசைந்தாலும் மோட்டார் நிமிஷத்துக்கு நிமிஷம் நின்று நின்று ஓடும் என்பதால்தான் இந்த இடைவெளி. ஒரே திசையில் மின்சாரம் பாய்ந்தால் கம்பி அரிக்கப்படும் என்று மாறுமின்சாரத்தைச் செலுத்தியிருக்கிறார்.

மும்முனையில் ஒரு முனை அறுந்துவிட்டால் மற்ற இரண்டிலும் மின்னோட்டம் மிகுந்து மோட்டார் எரிந்துபோகும். அதைத் தடுக்கும் பிரிவென்டரும் அதே பெட்டிக்குள் இருக்கிறது. காயில் கட்டிப் பிழைக்கிறவர், காயில் எரியாதிருக்க வழி செய்கிறார் என்பதைக் குறித்து வைக்கிறேன். வருமானத்துக்கு விரோதமான இந்தக் கருணைதான் தொழிலின் தர்மம்.

சித்திரை 21

மாலையில் ஜி.டி. நாயுடுவைப் பற்றிப் பேச்சு வந்தது. 1893-இல் கோயம்புத்தூருக்கு அடுத்த கலங்கலில் பிறந்து, பள்ளிப் படிப்பில் மனம் செல்லாமல், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மோகித்து, ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கி, சுகமாக ஓட்டித் திரியாமல் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பூட்டிக் கற்றுக்கொண்ட மகானுபாவர் அவர். 1937-இல் அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உருவாக்கியதே இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்பர். இன்று நம் தோட்டத்துக் கிணறுகளில் ஓடுகிற கோயம்புத்தூர் மோட்டார்களின் வம்சவிருட்சம் அங்கே தொடங்குகிறது.

ஆனால் நான் நாயுடுவைப் போற்றுவதற்குக் காரணம் அவருடைய கண்டுபிடிப்புகள் மாத்திரம் அல்ல. 1945-இல் அன்றைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரால் கோயம்புத்தூரில் தொழில்நுட்பக் கல்லூரி ஏற்பட அவர் பாடுபட்டார். தாம் கற்றதைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளாமல், பத்துப் பேர், நூறு பேர் கையில் போய்ச் சேர வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு இருந்தது. கண்டுபிடிப்பவன் என்ற பெயருக்கும் ஆசான் என்ற பெயருக்கும் ஒருங்கே உரியவர்கள் சிலரே.

இதைச் சொல்லிவிட்டு, “நீ செய்ததற்கு வரைபடம் இருக்கிறதா?” என்று தம்பியைக் கேட்டேன். “எல்லாம் மண்டையிலதான் சார் இருக்கு” என்றார். அந்தப் பதில் இந்த நாடெங்கும் ஒலிக்கிற பதில். ரேடியோ பழுது பார்த்தவர், டிவி பழுது பார்த்தவர், தறிக்கு மோட்டார் பூட்டியவர் என்று அருப்புக்கோட்டையிலேயே எத்தனையோ கைவித்தகர்கள் இருந்து மறைந்தார்கள். அவர்கள் அறிந்த அத்தனையும் அவர்களோடு எரிந்தது.

வைகாசி 6

ஊர்ப்பிள்ளைகள் சிலர் விடுமுறையில் கடைக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் பள்ளியிலுள்ள அடல் டிங்கரிங் லேபில் ஆர்டுயினோ என்னும் சிறு கட்டுப்பாட்டுப் போர்டைப் பழகியவன். 2016-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தால் ஆறாம் வகுப்பு முதலே சாலிடரிங் அயர்னையும் சென்சாரையும் கையில் எடுக்கிற பாக்கியம் இந்தத் தலைமுறைக்குக் கிடைத்திருக்கிறது. இத்தாலியில் இவ்ரியா என்னும் சிறு நகரத்தில் 2005-இல் பிறந்த இந்த ஆர்டுயினோ போர்டு உலகம் முழுவதும் பரவியதற்கு அதன் விலை மட்டும் காரணமன்று. செய்தவர்கள் அதன் வரைபடத்தை எவரும் எடுத்துப் பார்க்கவும், திருத்தவும், தாங்களே செய்யவும் உரிமை கொடுத்துத் திறந்து வைத்தார்கள். பூட்டி வைத்திருந்தால் அது ஓர் ஊரின் சரக்காகவே நின்றிருக்கும்.

பையன்கள் தம்பியின் பெட்டியைப் பார்த்து வரைபடம் வரைந்தார்கள். ஒவ்வோர் உறுப்புக்கும் பக்கத்தில் இது எதற்கு, இது கெட்டால் என்ன அறிகுறி, இதற்குப் பதில் எதைப் போடலாம் என்று தமிழில் எழுதினார்கள். 415 வோல்ட் ஓடுகிற கம்பிகளைச் சிவப்பு மையால் குறித்து, மெயினை அணைக்காமல் தொடக்கூடாது என்று மேலே பெரிய எழுத்தில் போட்டார்கள். ஒரு பிரதி பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டப்பட்டது. மற்றது கடையில் இருக்கிறது. பக்கத்து ஊர் வயர்மேன் ஒருவர் அதைப் பார்த்து மற்றொரு தோட்டத்தில் தாமே செய்துவிட்டார். தம்பிக்கு அதில் வருத்தம் இல்லை. “நல்லா வேலை செய்யுதாம் சார்” என்று அவர் சொன்னபோது அவர் முகத்தில் கண்டது உண்மையான சந்தோஷம்.

வைகாசி 14

இந்த இரண்டு மாதக் குறிப்புகளைத் திரும்பப் படித்து, என் அபிப்பிராயத்தை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். வறண்ட சீமையில் அறிவுக்கு வறட்சி இல்லை. தேவையே இங்கே குருவாக இருந்து கற்பிக்கிறது. பழைய போனும் கழித்துப்போட்ட ரிலேயுமே பாட உபகரணங்கள். குறைவு ஒன்றே ஒன்று: எழுதி வைக்கும் பழக்கம். எழுதப்படாத கருவி, செய்தவருடைய ஆயுள் அளவே வாழும். எழுதப்பட்டது, அவரை அறியாதவர் கையிலும் மறுபடி பிறக்கும்.

ஆகவே சாலிடரிங் அயர்னைப் பிடிக்கிற ஒவ்வொருவரையும், அவர் பொறியியல் பட்டதாரியானாலும் எட்டாம் வகுப்போடு நின்றவரானாலும், நான் வணங்கிக் கேட்பது இதுவே: நீங்கள் செய்த கருவியின் வரைபடத்தைத் தமிழில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டுங்கள், பிரதி ஒன்றை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கோ நூலகத்துக்கோ கொடுங்கள். உங்கள் காட்டில் வாய் திறந்து கிடக்கும் துளை ஏதும் இருந்தால், கருவி செய்ய உட்காருவதற்கு முன் அதை மூடிவிடுங்கள்.